ஒரே நிரல், நான்கு கருவிகள்: ஃப்ளட்டரில் ஒரு செயலியைத் தொடக்கம் முதல் ஸ்டோர் வரை கட்டும் முழு வழிகாட்டி

காலை ஐந்தே முக்காலுக்கே பால் சங்க வாசலில் வரிசை நின்றுவிடும். கேனில் இருந்து ஊற்றி அளந்து, சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து மெஷினில் வைத்ததும் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எண்ணாக வரும். செயலர் அதை ஃபோனில் தட்டினால் மேசை மேல் இருக்கும் உள்ளங்கை அளவு பிரின்டரில் இருந்து துண்டுச்சீட்டு வர வேண்டும். ஒரு ஆளுக்கு அரை நிமிடத்துக்கு மேல் போனால் பின்னால் இருப்பவர்கள் குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாலும் காத்திருக்காது.

இப்படி ஒரு சங்கத்துக்காக நான் எழுதிய செயலி ஆண்ட்ராய்டில் நன்றாகவே ஓடியது. நான்கு மாதம் உட்கார்ந்து திரைகளை மெருகேற்றினேன். அப்புறம் செயலர் மாறினார். புதியவர் கையில் ஐஃபோன். செயலி அதில் பளிச்சென்று திறந்தது, பிரின்டர் மட்டும் பட்டியலிலேயே வரவில்லை. என் நிரலில் பிழை தேடி இரண்டு நாள் போனது. பிழை அங்கே இல்லை. விலை குறைந்த துண்டுச்சீட்டு பிரின்டர்கள் பலவும் பழைய வகை ப்ளூடூத்தில், சீரியல் இணைப்பாகப் பேசுகிறவை. ஆப்பிளின் எம்.எஃப்.ஐ சான்று பெறாத கருவியோடு அந்த வகை இணைப்பில் பேச ஐஃபோன் செயலிக்கு வழியே கிடையாது. லோ எனர்ஜி ப்ளூடூத் உள்ள பிரின்டர் வாங்கினால்தான் உண்டு. முதல் வாரத்திலேயே அரை மணி நேரம் செலவழித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை வழக்கமானதில் இருந்து மாறியிருக்கும். பல கருவிகளில் ஓடும் செயலி என்றால் முதலில் செய்ய வேண்டியது கருவியோடு உரசும் வேலை. திரை அதற்குப் பிறகுதான். அதே பால் சங்கச் செயலியை உதாரணமாக வைத்துக்கொண்டு, ஒரே நிரலைப் பல கருவிகளில் ஓட்டும் கூகிளின் ஃப்ளட்டரில் படிப்படியாகப் போகலாம்.

படி 1: செயலி எதையெல்லாம் தொடும் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் செயலி தொடப்போகும் விஷயங்களை எழுதுங்கள்: கேமரா, ப்ளூடூத், இருப்பிடம், அறிவிப்பு, ஃபைல், நெட் இல்லாதபோது சேமிப்பு, திரை அணைந்த பிறகும் ஓட வேண்டிய வேலை. மேலே குறுக்காகக் கருவிகளை எழுதுங்கள். பால் சங்கத்துக்கு நான்கு வந்தன: கொள்முதல் மேசையில் ஆண்ட்ராய்டு ஃபோன், செயலரின் ஐஃபோன், கணக்கு பார்க்கும் அறையில் விண்டோஸ் கணினி, உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க ஒரு பிரௌசர் பக்கம்.

இப்போது கட்டங்களை நிரப்புங்கள். எல்லாக் கட்டத்துக்கும் எல்லாம் தேவைப்படாது. பிரின்டர் இரண்டு ஃபோனுக்கும் வேண்டும், பிரௌசருக்கு வேண்டாம். நெட் இல்லாமல் பதிவது கொள்முதல் மேசைக்குக் கட்டாயம், கணக்கு அறைக்கு அவ்வளவு அவசரமில்லை.

கட்டங்கள் பெரும்பாலும் காலியாக இருந்து, செயலி என்பது நாலு படிவமும் ஒரு பட்டியலும்தான் என்று தெரிந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு நல்ல வலைத்தளம் ஒன்றைக் கட்டுங்கள். ஃபோனின் முகப்பில் ஐகானாக வைக்கலாம், ஓரளவு நெட் இல்லாமலும் ஓடும், ஸ்டோர் வேலை எதுவும் இல்லை. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

படி 2: தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே நிரலைப் பல கருவிகளுக்கு எழுத உதவும் தளங்களின் பெயர்கள் ஏராளம். ஆனால் திரையில் எழுத்தையும் பட்டனையும் யார் வரைகிறார்கள் என்று கேட்டால் எல்லாம் நான்கு குடும்பத்துக்குள் வந்துவிடும்.

முதல் குடும்பம், செயலிக்குள் ஒரு பிரௌசரை ஒளித்து வைப்பது. கோர்டோவா, அயானிக், கெப்பாசிட்டர் எல்லாம் இந்த வகை. எச்.டி.எம்.எல், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு ஒரே நாளில் பிடிபடும். கனமான பட்டியல்களில், குறைந்த விலை ஃபோன்களில் சற்றுத் தடுமாறும்.

இரண்டாவது, நாம் ஒரு மொழியில் எழுதுவோம், அது அந்தந்தக் கருவியின் சொந்த பட்டனையும் பெட்டியையும் அழைத்து நிறுத்தும். 2015 மார்ச்சில் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் இதில் பெரியது. முதலில் ஐஃபோனுக்கு மட்டும் வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் ஆண்ட்ராய்டும் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் மாவியும் இந்த வகைதான்.

மூன்றாவது, கருவியிடம் வெற்றுப் பலகை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைவது. இதுதான் கூகிளின் ஃப்ளட்டர். 2018 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. பிரௌசர் ஆதரவு 2021 மார்ச்சில் நிலைபெற்றது. 2022 பிப்ரவரியில் விண்டோஸ், அதே ஆண்டு மே மாதம் மேக்கும் லினக்ஸும்.

நான்காவது, திரையை அந்தந்தக் கருவிக்கே எழுதிவிட்டு கணக்கு, சேமிப்பு, சர்வர் பேச்சு போன்ற உள்வேலையை மட்டும் பொதுவாக்குவது. ஜெட்பிரெயின்ஸின் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் அப்படித் தொடங்கியது, 2023 நவம்பரில் நிலைப் பதிப்பானது. வேண்டுமென்றால் திரையையும் பொதுவாக எழுத கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் இருக்கிறது.

தேர்வு செய்யும்போது ஆயுளையும் பாருங்கள். அடோபி தன் ஃபோன்கேப் பில்ட் சேவையை 2020-இல் மூடியது. மாவிக்கு முந்தைய தளமான ஸாமரினுக்கான ஆதரவை 2024 மே 1-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதில் எழுதியவர்கள் மாவிக்கு மாற வேண்டியிருந்தது. சின்னச் சங்கத்துக்கோ கடைக்கோ எழுதுகிற செயலி பத்து வருடம் ஓடும் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். அவர்களிடம் இரண்டாவது தடவை எழுதப் பணம் இருக்காது.

என் பரிந்துரை இப்படி. உங்களுக்கோ உங்கள் குழுவுக்கோ ரியாக்ட் நன்றாகத் தெரியுமா? ரியாக்ட் நேட்டிவ் போங்கள், அதன் வேலையை எளிதாக்கும் எக்ஸ்போ கருவித்தொகுப்போடு தொடங்குங்கள். ஏற்கனவே கோட்லினில் ஆண்ட்ராய்டு செயலி ஓடுகிறதா? கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். சி ஷார்ப் குழுவா? மாவி. தேடுபொறியில் சிக்க வேண்டிய செய்தித் தளமா? ஃப்ளட்டர் வேண்டவே வேண்டாம். அது பக்கத்தை ஓவியமாக வரைவதால் தேடுபொறிக்குப் படிக்க எழுத்து கிடைப்பதில்லை.

பால் சங்கத்துக்கு ஃப்ளட்டரை எடுத்ததற்குப் பெரிய காரணம் தமிழ். எழுத்துகளைக் கோக்கும் வேலையையும் அது தன்னோடு சுமந்து வருவதால், பழைய ஃபோனில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும் தொல்லை இல்லை. நான்கு கருவிக்கும் ஒரே திரை போதும் என்பது இன்னொரு காரணம்.

படி 3: கணினியைத் தயார் செய்யுங்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். ஃப்ளட்டர் எஸ்.டி.கே (செயலி கட்டும் கருவித்தொகுப்பு), ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எழுதுவதற்கு வி.எஸ். கோட். எஸ்.டி.கே-வை வைக்கும் ஃபோல்டரின் பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருக்க வேண்டாம். டெர்மினலில் ஃப்ளட்டர் டாக்டர் கட்டளையைக் கொடுங்கள். எது குறைகிறது என்று அதுவே வரிசையாகச் சொல்லும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: விண்டோஸ் செயலி கட்ட வி.எஸ். கோட் போதாது. விஷுவல் ஸ்டுடியோ என்ற வேறு மென்பொருள் வேண்டும், அதில் சி ப்ளஸ் ப்ளஸ் டெஸ்க்டாப் பகுதியைத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். எட்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில், திரையிலேயே ஒரு போலி ஃபோனை ஓட்டும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடினால் மூச்சு வாங்கும். எமுலேட்டரை விட்டுவிட்டு ஃபோனையே கேபிளில் மாட்டுங்கள். அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும், அங்கே யு.எஸ்.பி டீபக்கிங்கை இயக்குங்கள்.

ஐஃபோன் பதிப்பைக் கட்ட ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் வேண்டும், எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். மேக் இல்லையென்றால் கோட்மேஜிக் போன்ற சேவைகள் தங்கள் மேக்கில் கட்டித் தரும். ஆனால் அடுத்த படிக்கு ஒரு நாளாவது நிஜ மேக்கும் நிஜ ஐஃபோனும் கையில் இருந்தால் நல்லது. நண்பரிடம் கேட்டு வாங்குங்கள்.

படி 4: ஆபத்தான வேலையை முதலில் செய்து பாருங்கள்

ஃப்ளட்டர் கிரியேட் கொடுத்துப் புதுத் திட்டம் ஒன்றைத் தொடங்குங்கள். இதில் இருக்கப்போவது ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் சீட்டு அச்சாக வேண்டும். வண்ணம், லோகோ, லாகின் எதுவும் வேண்டாம்.

பொதியை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரலைத் தேடும்போது, பப்.டெவ் தளத்தில் எந்தெந்தக் கருவிகளை ஆதரிக்கிறது என்று ஒவ்வொரு பொதிக்குக் கீழேயும் போட்டிருக்கும். உங்கள் தாளில் உள்ள கருவிகளோடு ஒப்பிடுங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், திறந்து கிடக்கும் புகார்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். பொருத்தமான பொதி இல்லையென்றால், ஃப்ளட்டர் நிரல் கருவியின் சொந்த நிரலோடு பேசும் பிளாட்ஃபார்ம் சேனல் வழியாக ஆண்ட்ராய்டு பக்கம் கோட்லினிலும் ஐஃபோன் பக்கம் ஸ்விஃப்டிலும் நாமே எழுத வேண்டும். அந்தச் செலவு உண்டா இல்லையா என்பது இப்போதே தெரிவது நல்லது.

அடுத்து அனுமதிகள். ஆண்ட்ராய்டு 12 முதல் ப்ளூடூத்துக்கென்று தனி அனுமதி உண்டு: தேட ஒன்று, இணைக்க ஒன்று. அதற்கு முந்தைய ஃபோன்களில் ப்ளூடூத் கருவியைத் தேடவே இருப்பிட அனுமதி கேட்க வேண்டும். இரண்டு வகை ஃபோனும் சங்கத்தில் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். ஐஃபோனில் ப்ளூடூத் எதற்கு என்ற விளக்க வரியைச் செயலியின் தகவல் ஃபைலில் எழுதாமல் விட்டால், ப்ளூடூத்தைத் தொட்ட நொடியிலேயே செயலி மூடிக்கொள்ளும்.

சரி, பிரின்டர் இணைந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பினால் அழகாக வருகிறது. தமிழில் அனுப்பினால்? குப்பை வரும். இந்தப் பிரின்டர்களுக்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் இருப்பதில்லை. இருந்தாலும் கொம்பையும் காலையும் உயிர்மெய்யாகக் கோக்கத் தெரியாது. சீட்டை நாமே படமாக வரைந்து, படத்தை அனுப்ப வேண்டும்.

58 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் அகலம் 384 புள்ளி. ஃப்ளட்டரின் கேன்வாஸில் அதே அகலத்துக்கு உறுப்பினர் பெயர், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப், தொகை என்று வரைந்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட், ஆக ஒரு வரிசைக்கு 48 பைட். சீட்டு 300 வரிசை உயரம் என்றால் மொத்தம் 14,400 பைட். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் லோ எனர்ஜி ப்ளூடூத்தில் பொட்டலம் ஒன்றுக்கு, எதுவும் பேசி முடிவு செய்யாவிட்டால், 20 பைட்தான் போகும். 720 பொட்டலம்! சீட்டு வரி வரியாகத் திணறித் திணறி வந்தது. ஆண்ட்ராய்டில் பொட்டலத்தின் அளவைக் கூட்டச் சொல்லி நாமே கேட்க வேண்டும். ஐஃபோன் தானே பேசிக்கொள்ளும். 180 பைட்டுக்கு வந்ததும் 80 பொட்டலத்தில் முடிந்தது. ரொம்ப வேகமாக அனுப்பினாலும் பிரின்டரின் சின்ன நினைவகம் நிரம்பிப் பாதிச் சீட்டில் நின்றுவிடும், அதனால் நடுநடுவே சில மில்லி விநாடி இடைவெளி விடுங்கள்.

இந்தப் படியில் நான் எழுதிய நிரல் முந்நூறு வரிகூட இருக்காது. மீதி எல்லாத் திரையையும் விட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. உங்கள் செயலியில் பிரின்டர் இல்லாமல் இருக்கலாம். கேமராவில் பார்கோடு படிப்பதோ, திரை அணைந்த பிறகும் வண்டியின் இடத்தைக் குறிப்பதோ இருக்கலாம். எதுவானாலும் தாளில் உள்ள எல்லாக் கருவியிலும் அது ஒருமுறை ஓடிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: கணக்கை எப்படிச் சேமிப்பது

சேமிப்புக்கு எஸ்.க்யூ.லைட் என்ற சின்னத் தரவுத்தளம். ஃப்ளட்டரில் அதற்கு டிரிஃப்ட் என்ற பொதியைப் பயன்படுத்துகிறேன்; ஃபோன், கணினி, பிரௌசர் மூன்றிலும் ஓடுவதால் ஒரே நிரல் போதும்.

பணத்தையும் அளவையும் தசமமாகச் சேமிக்காதீர்கள். ஃப்ளட்டர் நிரலை எழுதும் டார்ட் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். பட்டுவாடா நாளில் ஐந்து பைசா வித்தியாசம் வந்தாலும் உறுப்பினர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ரூபாயைப் பைசாவாக, லிட்டரை மில்லிலிட்டராக, 4.1 கொழுப்பை 41 ஆக முழு எண்ணில் வையுங்கள். புள்ளியைத் திரையில் காட்டும்போது போட்டுக்கொள்ளலாம்.

நெட் இல்லாமல் இரண்டு ஃபோனில் ஒரே நேரத்தில் பதிவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் கொடுத்தால் இரண்டு ஃபோனிலும் ஒரே எண் வந்து பிறகு மோதும். ஃபோனிலேயே யு.யு.ஐ.டி (ஒன்றோடொன்று மோதாத நீண்ட அடையாளக் குறி) உருவாக்குங்கள். இன்னொன்று, பதிந்ததைத் திருத்த விடாதீர்கள். தவறாகப் பதிந்தால் பழைய வரியை ரத்து என்று குறித்து, புதிய வரி ஒன்றைச் சேர்க்கட்டும். காகித நோட்டில் நல்ல எழுத்தர் செய்வது அதுதான்: அடிப்பார், அழிக்க மாட்டார். இதனால் சர்வரோடு ஒத்திசைக்கும் வேலையும் எளிதாகிறது. இரு பக்கமும் இல்லாத வரிகளைப் பரிமாறினால் முடிந்தது, எது புதிது எது பழையது என்ற சண்டையே வராது.

நேரத்தை யு.டி.சி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். ஆனால் காலை, மாலை என்ற வேளையை நேரத்தில் இருந்து கணக்கிடாமல் தனியாகவே சேமியுங்கள். மழை நாளில் காலைப் பால் பதினொரு மணிக்கும் வரும்.

படி 6: இப்போது திரை

திரை எழுதும்போது இது டேப்லெட்டா, ஃபோனா என்று கேட்காதீர்கள். அகலம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். விண்டோஸில் ஜன்னலை இழுத்துச் சுருக்கினால் அது ஃபோன் அளவுக்கு வந்துவிடும். கூகிளின் வடிவமைப்பு வழிகாட்டல் 600-க்குக் கீழே, 600 முதல் 840 வரை, அதற்கு மேல் என்று பிரிக்கிறது; மிக அகன்ற திரைகளுக்கு இன்னும் பிரிவுகள் உண்டு, நமக்கு இந்த மூன்று போதும். இவை திரையின் புள்ளிகள் அல்ல, அடர்த்தியைச் சமன்செய்த அலகுகள். கிடைக்கும் அகலத்தைச் சொல்லும் ஃப்ளட்டரின் லேஅவுட் பில்டரில் இந்த எண்களை வைத்துப் பிரித்தால் போதும். எங்கள் செயலியில் குறுகிய திரையில் உறுப்பினர் பட்டியல், தட்டினால் அடுத்த திரையில் பதிவு. அகன்ற திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

பட்டன் 48 அலகுக்குக் குறையக் கூடாது என்பது ஆண்ட்ராய்டு பக்கத்து விதி, ஆப்பிள் 44 சொல்கிறது. பால் ஈரம் பட்ட விரலுக்கு நான் 64 வைத்தேன். எண் பெட்டிகளுக்கு எண் விசைப்பலகை மட்டும் வரட்டும். கணக்கு அறையில் மவுஸைத் தொடாமலே வேலை முடிய வேண்டும்: டேப் அழுத்தினால் அடுத்த பெட்டி, என்டர் அழுத்தினால் சேமிப்பு. ஃபோனில் மட்டும் சோதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், விண்டோஸ் பதிப்பு அதனால்தான் பாதிச் செயலியாகத் தெரிகிறது.

வயதானவர்கள் ஃபோனில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருப்பார்கள். அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு ஒவ்வொரு திரையையும் பாருங்கள். மஞ்சள் கறுப்புப் பட்டை தெரிந்தால் அங்கே எழுத்து இடத்தை மீறுகிறது என்று பொருள்.

ஸ்டேட் மேலாண்மைக்கு, அதாவது திரையில் மாறும் தரவை வைத்துப் பராமரிக்க, எது சிறந்தது என்று நாள் கணக்கில் படிக்க வேண்டாம். சின்னத் திரைக்கு செட்ஸ்டேட், பெரிதானால் ரிவர்பாட் அல்லது ப்ளாக், இரண்டில் ஒன்று.

படி 7: தமிழுக்கென்று தனியாகச் செய்ய வேண்டியவை

பால் என்ற சொல்லின் நீளம் என்ன என்று டார்ட்டிடம் கேட்டால் 4 என்று சொல்லும். ப, கால், ல, புள்ளி என்று நான்கு குறிகள். நமக்கு இரண்டு எழுத்து. நீளமான பெயரைப் பத்து குறியில் வெட்டினால் சில சமயம் புள்ளியை இழந்து ல் என்பது ல ஆகிவிடும். கேரக்டர்ஸ் பொதியைப் பயன்படுத்தி எழுத்து எழுத்தாக எண்ணுங்கள்.

தேடலில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. கொ என்பதை ஒற்றை உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் பதிந்த கொடியரசனை இன்னொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்க மாட்டார். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோடு இயல்பாக்கம் செய்து எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடில் ன உட்கார்ந்திருப்பது ந-வுக்கு அடுத்து. ற, ர-வுக்கு அடுத்து. ஜ, ச-வுக்கு அடுத்து. புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் இருக்கிறது. அப்படியே வரிசைப்படுத்தினால் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையாக வராது. 18 மெய்க்கும், பிறகு கிரந்தத்துக்கும் நம் வரிசையில் எண் கொடுத்து ஒரு சின்ன அட்டவணை எழுதி, அதை வைத்து ஒப்பிடுங்கள். நாற்பது வரி நிரல்தான். இருநூறு உறுப்பினர்களின் பட்டியலில் விரல் வைத்துத் தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

எழுத்துருவைச் செயலியோடே சேர்த்துக் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். பிரௌசர் பதிப்பில் இது கட்டாயம், இல்லாவிட்டால் ஃப்ளட்டர் தமிழ் எழுத்துருவை நெட்டில் இருந்து இறக்கும் வரை கட்டம் கட்டமாகத் தெரியும். திரையில் வரும் சொற்கள் எல்லாவற்றையும் தொடக்கத்தில் இருந்தே மொழிபெயர்ப்பு ஃபைலில் வையுங்கள். தொகையை இந்திய முறையில் எழுத இன்டல் பொதி போதும், 1,00,000 என்று சரியான இடத்தில் காற்புள்ளி வைத்துக் காட்டும்.

படி 8: மெதுவான ஃபோனில் அளந்து பாருங்கள்

எழுதும்போது ஓடுவது டீபக் பதிப்பு. மாற்றத்தை உடனே திரையில் காட்டும் ஹாட் ரீலோடுக்காக வேகத்தை விட்டுக்கொடுத்த பதிப்பு அது, அதை வைத்து வேகத்தைக் குறை சொல்லவும் கூடாது, மெச்சவும் கூடாது. நிஜ ஃபோனில் புரொஃபைல் பதிப்பை ஓட்டுங்கள். திரை விநாடிக்கு 60 ஃப்ரேம் வரைகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் 16 மில்லி விநாடிதான் இருக்கிறது. ஃப்ளட்டரோடு வரும் டெவ்டூல்ஸில் சிவப்புக் கம்பிகள் எங்கே எழுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் நீண்ட பட்டியலை ஒரே மூச்சில் கட்டியிருப்போம்; லிஸ்ட்வியூ பில்டருக்கு மாற்றினால் கண்ணில் படுவதை மட்டும் கட்டும். மாறாத பகுதிகளுக்கு கான்ஸ்ட் போடுங்கள்.

இதற்கென்று நான் ஐந்தாறு வருடம் பழைய, இரண்டு ஜிபி ரேம் ஃபோன் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் ஒரு பதிவுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணுவேன். சங்கத்தில் உண்மையில் இருக்கும் ஃபோனும் கிட்டத்தட்ட அதுதான்.

படி 9: வெளியிடுவது

ஆண்ட்ராய்டுக்கு ப்ளே கன்சோல் கணக்கு ஒரு தடவை 25 டாலர். புதுச் செயலிகளை ஏ.ஏ.பி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) வடிவில்தான் ஏற்ற வேண்டும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்தாக வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள். செயலி முடிந்த பிறகு ஆள் தேடினால் அரை மாதம் வீணாகும். படி 6 முடிந்ததுமே உறுப்பினர்களில் பன்னிரண்டு பதினைந்து பேரைப் பேசி வையுங்கள்.

செயலி நம்முடையது என்று காட்டும் கையெழுத்துச் சாவி ஃபைலையும் அதன் கடவுச்சொல்லையும் லேப்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும், ஒன்று சங்கத்தின் பொறுப்பில். கணக்கையும் முடிந்தால் சங்கத்தின் பெயரிலேயே திறக்கச் சொல்லுங்கள். நாளை நாம் வேறு வேலைக்குப் போனாலும் செயலி அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கட்டத் தவறினால் செயலி ஸ்டோரில் இருந்து போய்விடும். இதை முதலிலேயே வாடிக்கையாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அனுப்பும் முன் ஆப்பிளின் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்டில் ஓட்டிப் பாருங்கள். ஆப்பிளின் பரிசோதகரிடம் பிரின்டர் இருக்காது, அதனால் அச்சாகும் காட்சியை வீடியோ எடுத்து, சோதனைக்கான லாகினோடு சேர்த்துக் கொடுங்கள்.

விண்டோஸுக்கு எம்.எஸ்.ஐ.எக்ஸ் பொதியாகக் கட்டி நேரடியாகவே நிறுவலாம். அதற்குக் கையெழுத்துச் சான்றிதழ் ஒன்று வேண்டும், அந்தக் கணினி அதை நம்பும்படி முதலில் சேர்க்க வேண்டும். பிரௌசர் பதிப்பு வெறும் ஃபைல்களின் தொகுப்பு, எந்த சர்வரிலும் போடலாம்.

படி 10: வெளியிட்ட பிறகு

கூகிள் ஒவ்வொரு ஆண்டும் ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்பைக் குறிவைத்துக் கட்டச் சொல்லி, பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியைக் கெடுவாக வைக்கிறது. ஜூனிலேயே அந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்கிவிடுகிறேன். ஃப்ளட்டர் பதிப்பையும் பொதிகளையும் அதே வாரத்தில் உயர்த்துவேன். எல்லாவற்றையும் ஒன்றாக உயர்த்தி எது உடைந்தது என்று தெரியாமல் விழிப்பதைவிட, முதலில் ஃப்ளட்டர், அது ஓடியதும் பொதிகள் ஒவ்வொன்றாக, கடைசியில் ஆண்ட்ராய்டு இலக்கு என்று போவது நல்லது. பராமரிப்புக் கட்டணத்தில் இந்த வாரத்தைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் படி 4-இல் எழுதிய அந்த ஒற்றைப் பட்டன் திட்டத்தைத்தான் முதலில் புதுப் பதிப்பில் ஓட்டுகிறேன். ஆண்ட்ராய்டு ஃபோன், ஐஃபோன் இரண்டில் இருந்தும் சோதனைச் சீட்டு ஒன்று எடுப்பேன். அதில் அச்சாகும் பெயர் கிருஷ்ணமூர்த்தி: நீளமும் இருக்கிறது, கிரந்தமும் இருக்கிறது, புள்ளிகளும் இருக்கின்றன. இரண்டு சீட்டிலும் பெயர் வெட்டுப்படாமல் வந்த பிறகு செயலியின் வேலையைத் தொடங்குவேன்.